யாழ்ப்பாணத்துக்கு மிளகாய்க் கன்று அனுப்புறது எப்பிடி?

கொழும்பு வெள்ளவத்தையில இருந்து: அம்மாவுக்கு 12 மிளகாய்க் கன்று கூரியர்ல அனுப்பினன், வெள்ளி பின்னேரம் குடுத்தது செவ்வாய்தான் போய்ச் சேர்ந்துது, திறந்து பாக்க இலையெல்லாம் மஞ்சளாகி தண்டடி கறுத்து அழுகிக் கிடந்ததாம். சரியான கவலை. என்ன பிழை விட்டன்?

தெஹிவளை: வெள்ளி குடுத்ததுதான் பிழை தம்பி, சனி ஞாயிறு பெட்டிக்குள்ளயே வெந்துபோகும். திங்கள் காலமை குடுங்கோ, அந்தக் கிழமை போயா (பௌர்ணமி லீவு) வருதோ எண்டும் பாருங்கோ. தண்ணி முதல்நாளே விடோணும்.

கொட்டாஞ்சேனை: வேரை ஈரப் பேப்பரால சுத்துங்கோ, பிழிஞ்சா சொட்டாத ஈரம் காணும், மேல சொப்பிங் பை வேருக்கு மட்டும், இலையை மூடினா வேர்த்து அழுகும். பெட்டியில ஓட்டை போடுங்கோ. போய்ச் சேர்ந்த உடன வெயில்ல வைக்காம 3, 4 நாள் நிழல்ல வைக்கச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தை: நான் முழுக்கன்றையும் பொலித்தீனுக்குள்ள இறுக்கிக் கட்டினன், அதுதான். நன்றி அக்கா, திங்கள் திரும்ப அனுப்புறன்.