அட்டாக் ரேட்டுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருவையாற்றிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டுப் பணிக்குப் போகும் படைவீரர்களுக்கு என்னென்ன தொற்றுநோய் வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கும் பாடம் ஒன்றை மருத்துவ மாணவர்களுக்காக மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘இடர் மதிப்பீடு’ வரை சிக்கல் இல்லை, அட்டாக் ரேட்டில்தான் நிற்கிறேன். எந்தத் தடுப்பும் இல்லாமல் போய் இறங்கினால் நூறு பேரில் மாதத்துக்கு எத்தனை பேர் நோயில் விழுவார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. விழுந்தவர் எத்தனை நாள் வேலைக்கு ஆகமாட்டார் என்பதையும் சேர்த்துத்தான் எந்த நோய்க்கு முதல் கவனம் என்று முடிவு செய்கிறார்கள். வயிற்றுப்போக்கு பாதிப் படையைப் படுக்க வைத்தாலும் சில நாளில் எழுந்துவிடுவார்கள். மலேரியா சிலருக்கே வந்தாலும் உயிர் போகலாம். ‘தாக்கு வீதம்’ என்ற சொல் இங்கே உதவாது. ‘முகாமில் தாக்கு வீதம் 30 விழுக்காடு’ என்றால் எதிரி அடித்ததாகத்தான் படிப்பார்கள்.

கும்பகோணத்திலிருந்து:
தாக்கு வீதத்தை ஏன் கைவிட வேண்டும்? ‘தாக்கணங்கு தானைக்கொண் டன்ன துடைத்து’ என்ற குறளை நினைத்துப் பாருங்கள். வருத்துகிற தெய்வமான அணங்கும், படையைக் குறிக்கும் தானையும் ஒரே குறளில் நிற்கின்றன. நோயும் பகையும் தாக்கும் என்பது தமிழுக்குப் புதிதல்ல. அப்புறம், அணங்கு என்ற சொல்லே முதலில் வருத்தம், நோய் என்ற பொருளில்தான்...

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, அணங்கை இன்னொரு நாள் பார்ப்போம். நான் படை மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே காயம்பட்டவர், நோயுற்றவர் இரண்டு கணக்கும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வரும். 1943இல் பர்மா முனையில் காயத்தோடு ஒருவர் பின்னுக்கு அனுப்பப்பட்டால் நோயோடு 120 பேர் அனுப்பப்பட்டார்கள். மலேரியா, சீதபேதி, உண்ணிக் காய்ச்சல். இந்த இரண்டு கட்டத்துக்கும் ‘தாக்கு’ என்றே தலைப்புப் போட்டால் இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறவன் என்ன செய்வான்? ‘நோய்ப்படு வீதம்’ என்று வையுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:
அண்ணே, நடுகற்களில் ‘பட்டான்’ என்றால் போரில் செத்தான் என்று பொருள். படைக்கான நூலில் ‘படு’ என்ற அந்த வேர் வேண்டாமே. ‘நோயுறு வீதம்’ போதும்.

இன்னொன்று, இடரைக் கணிக்க உள்ளூர் ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும் போதாது என்பதைப் பாடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். நம் கும்பகோணத்து யானைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொசு கடித்தால்தான் அது வரும், நாலு வாரம் தங்கிப் போகிறவருக்கு வருவது அரிது. மலேரியாவுக்கு ஒரே கடி போதும். மலேரியா எப்போதும் இருக்கும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் பெரியவர்களுக்கு உடம்பிலேயே ஓரளவு எதிர்ப்பு உண்டு; புதிதாகப் போகும் நம் பையனுக்கு அது கிடையாது. நோய்க்கிருமிக்கு ஆட்படும் இந்த நிலையை ‘வெளிப்பாடு’ என்று எழுதுவதையும் தயவுசெய்து விடுங்கள், ‘ஆட்படல்’ தெளிவாக இருக்கிறது.

திருவையாற்றிலிருந்து:
சரி. ஆட்படலை எடுத்துக்கொண்டேன். வீதத்துக்கு நோயுறு வீதம் என்றே அனுப்புகிறேன், ‘தாக்கு’ வேண்டாம் என்பதில் மூன்று பேர் ஒத்துப்போகிறோம். படையைப் பணிக்கு அனுப்பும் டிப்ளாய்மென்ட்டுக்குப் ‘படைநிறுத்தம்’ வேண்டாம், போர்நிறுத்தம் போலவே கேட்கிறது. ‘களப்பணி’.

கும்பகோணத்திலிருந்து:
பெரும்பான்மை சொன்னால் சரி என்று நான் விட்டுவிட மாட்டேன். நோயுறு வீதம் என்றால் போகும்போதே நோயோடு போனவனையும் மாணவர்கள் சேர்த்து எண்ணுவார்கள். களத்துக்குப் போன பிறகு புதிதாக விழுந்தவர்களை மட்டுமே எண்ண வேண்டும் என்று விளக்கத்திலாவது எழுதுங்கள். தாக்கு வீதத்தையும் அடைப்புக்குறிக்குள் விட்டுவையுங்கள், அடுத்த பதிப்பில் பேசிக்கொள்ளலாம். அணங்கு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.