கந்தோரில் வெருட்டுகிறவர்களுக்கு வேலை எப்படி நிலைக்கிறது?

கைதடிப் பிள்ளை:

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஓர் அரச கந்தோருக்கு மூன்று தரம் போய் வந்தேன். எந்தக் கந்தோர் என்று எழுதப்போவதில்லை. அம்மாவுக்கு 68 வயது. பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். தம்பி வெளிநாட்டுக்குக் கூப்பிடுவதற்கு அதைத் திருத்த வேண்டும்.

முதல் நாள் ஒரு படிவத்தைத் தந்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டாம் நாள் கொண்டுபோனால், "விதானையாரிட்டைக் கடிதம் எடுக்கேல்லையோ? இதுகூடத் தெரியாதோ?" என்று மேசையில் இருந்தவர் கேட்டார். முதல் நாள் யாரும் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கடிதத்தோடு போனோம். ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். இருக்கக் கதிரை இல்லை. அம்மா கிட்டப் போய், "பிள்ளை, கால் நோகுது, ஒருக்கா இதைப் பாருங்கோ" என்றார். அவர் போனில் இருந்து தலை நிமிராமலே, "நோகுதெண்டா வீட்டில இருக்கிறதுதானே" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா பைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் கதைக்காமல் வந்தார். தோட்டம் செய்து எங்கள் மூன்று பேரையும் படிப்பித்த மனுசி.

இப்படிக் கதைக்கிற ஒருவர் அந்தக் கதிரைக்கு எப்படி வந்தார்? வந்தாலும் இத்தனை வருடம் எப்படி அங்கேயே இருக்கிறார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இணுவில் மைந்தன்:

தங்கச்சி, வேலை போகாது என்று அவருக்குத் தெரியும். அதுதான் காரணம். "கோழி மேய்த்தாலும் கவர்மேந்தில் மேய்க்க வேணும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. அந்தப் பழமொழியில் சேவை என்ற பேச்சே இல்லை. மாதம் முடியச் சம்பளம், 60 வயதில் பென்சன், கலியாணப் பேச்சில் ஒரு மதிப்பு. அதற்காகவே போகிறவரிடம் நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள்?

வேலைக்கு எடுக்கிற விதத்தைப் பாருங்கள். 2020 இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுனர்களாக எடுக்கத் தொடங்கினார்கள். கந்தோருக்கு ஆள் தேவை என்றா எடுத்தார்கள்? அது தேர்தல் வருடம். நான் வேலை செய்கிற தனியார் நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் இப்படிக் கதைத்தால் அடுத்த நாள் வாசலைக் காட்டுவார்கள். அரச வேலையிலும் அந்தப் பயம் வர வேண்டும். மூன்று முறைப்பாடு வந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

பழைய கிளாக்கர்:

34 வருடம் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் பிள்ளையின் அம்மாவுக்கு நடந்தது பிழை. அதில் எனக்கு இரண்டு கதை இல்லை. விதானையாரின் கடிதம் வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். என்ன சேவை, என்ன பத்திரம் வேண்டும், எத்தனை நாள் செல்லும் என்று வாசலில் போர்டு போட வேண்டும் என்று 2008 இல் சுற்றறிக்கையே வந்தது. பிரசைகள் பட்டயம் என்பது அதன் பெயர்.

ஆனால் தம்பி இணுவில் சொல்வதுபோல் அரச ஊழியரை நிறுத்தவே முடியாது என்பது சரியில்லை. நிறுத்தலாம். ஆரம்ப விசாரணை, குற்றப் பத்திரம், அவருடைய பதில், பிறகு சாட்சிகளை வைத்து முறையான ஒழுக்காற்று விசாரணை. அதற்கு மேல் அரச சேவை ஆணைக்குழு, மேன்முறையீடு. அந்தப் பைலைத் தொடங்க வேண்டியவர் மேலதிகாரி. இங்கேதான் விசயம் இருக்கிறது. அந்த மேலதிகாரி சில வருடத்தில் மாற்றலாகிப் போகப்போகிறவர். ஒரு கிளாக்கரின் வாயைத் திருத்த இரண்டு வருடம் விசாரணை, கடிதம், தொழிற்சங்கம் என்று இழுபட எவர் விரும்புவார்? வருடாந்த இடமாற்றப் பட்டியலில் அவருடைய பெயரைப் போடுவது லேசு. நான் கண்ட வாய்க்கொழுப்புக்காரர் எல்லாரும் இரண்டு மூன்று கந்தோர் பார்த்தவர்கள். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பி நான் காணவில்லை.

இணுவில் மைந்தன்:

ஐயா, நீங்கள் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். அந்த விசாரணை முறை முழுவதையும் குறுக்கி எறிய வேண்டும் என்கிறேன்.

பழைய கிளாக்கர்:

இல்லைத் தம்பி. அதைத்தான் நான் விட மாட்டேன். தமிழர் நாங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு, சிங்களச் சோதினை பாஸ் பண்ணாத தமிழ் உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1969 இல் தீர்ப்பு வந்தது. என்னுடைய பெரியப்பா அந்தக் காலத்தில் வேலையை விட்டு வந்து வீட்டுத் திண்ணையில் இருந்தவர். சோதினைக்குப் போயிருந்தால் பாஸ் பண்ணியிருப்பார், போக மனம் வரவில்லை. பிறகு 1980 ஜூலை. வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று ஜே. ஆர். ஜெயவர்தன அரசாங்கம் ஏறத்தாழ 40,000 பேரை ஒரேயடியாக வெளியில் போட்டது. சிங்களவர், தமிழர் எல்லாரும் அதில் அடக்கம். குடும்பங்கள் சோற்றுக்கு அலைந்தன.

மூன்று முறைப்பாட்டில் ஆளை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தை இன்று கொடுத்தால், அது முதலில் யார் மேல் பாயும் என்று நினைக்கிறீர்கள்? வாய்க்கொழுப்புக்காரர் மேல் இல்லை. அவருக்குத்தான் ஆள் தெரியும். அரசியல்வாதி சொன்ன பிழையான அலுவலைச் செய்ய மாட்டேன் என்று நிற்கிற நேர்மையான உத்தியோகத்தர் மேல்தான் பாயும். மூன்று முறைப்பாடு எழுதுவிக்க ஒரு பின்னேரம் போதும்.

இணுவில் மைந்தன்:

பெரியப்பாவின் கதை உண்மையிலேயே மனதைத் தொட்டது ஐயா. ஆனால் அப்படிப்பட்டவர்களைக் காக்கக் கட்டிய மதிலுக்குப் பின்னால் இன்று யார் இருக்கிறார்? ஒரு வயதான தமிழ்த் தாயை, தமிழில், யாழ்ப்பாணத்தில் வைத்து வெருட்டுகிற ஒரு தமிழர். வடக்கில் நிர்வாகம் தமிழில் நடக்க வேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டோம். தமிழில் அவமானப்படவா?

சுன்னாகம் கடைக்காரன்:

தனியாரில் வாசலைக் காட்டுவார்கள் என்று தம்பி எழுதினதைப் படித்தபடியால் நானும் சொல்கிறேன். எனக்கு 19 பேர் வேலை செய்கிறார்கள். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிற்பாட்ட வேண்டும் என்றால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், இல்லை என்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆகவே வேலை சரிவரத் தெரியாது என்பதற்காக மட்டும் நினைத்தவுடன் அனுப்ப எனக்கும் ஏலாது.

சட்டத்தை விடுங்கள். ஆள் எங்கே? கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு வருடம் நின்று பழகுவார்கள். பிறகு ஒரு நாள் வந்து, "அண்ணை, விசா வந்திட்டுது" என்பார்கள். மிஞ்சுகிறவர்களை வைத்துத்தான் கடை நடத்த வேண்டும்.

என்னுடைய காசாளர் ஒருவர் 9 வருடமாக இருக்கிறார். மீதிக் காசை மேசையில் எறிந்து கொடுப்பார். எத்தனையோ பேர் என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த 9 வருடத்தில் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. நான் கடையில் இல்லாத நாளில் நிம்மதியாக நித்திரை கொள்வது அவரால்தான். அவரை நிற்பாட்ட எனக்கு மனம் வராது. வாடிக்கையாளருக்குத் தெரிவது அவருடைய வாய், எனக்குத் தெரிவது அவருடைய கை. பல இடங்களில் பொல்லாத ஆட்கள் நிலைப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இணுவில் மைந்தன்:

அண்ணை, உங்கள் கடையில் காசை எறிந்தால் நான் அடுத்த கடைக்குப் போவேன். அம்மாவின் பிறப்புச் சான்றிதழைத் திருத்த அடுத்த கடை எங்கே இருக்கிறது?

தீவகத்துப் பெட்டை:

நான் 2020 இல் எடுத்த அந்தப் பட்டதாரிகளில் ஒருத்தி. இணுவில் அண்ணை தேர்தல் வருடம் என்று எழுதினது வலித்தது, அதனால் பதில் எழுதுகிறேன்.

2017 இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் பந்தல் போட்டு வேலையற்ற பட்டதாரிகள் இருந்தது நினைவிருக்கிறதா? நூறு நாளுக்கு மேல் நடந்தது. நானும் அதில் வெயிலில் இருந்தேன். பட்டம் எடுத்து மூன்று வருடம். வீட்டில் என்னைக் கண்டால் அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போவார், கேட்டு நோகடிக்கக்கூடாது என்று. அரசியலுக்காகக் கொடுத்தார்களோ என்னவோ, எங்களுக்கு அது சோறு.

போய்ச் சேர்ந்த இடத்தில் ஐந்து பேருக்கு இரண்டு கதிரை. என்ன வேலை என்று எழுதிய கடமைப் பட்டியல் எட்டு மாதமாகத் தரவில்லை. சனங்களோடு எப்படிக் கதைப்பது என்று ஒருவரும் பழக்கவில்லை. ஈ.பி. (வினைத்திறன் தடை) சோதினைக்குத் தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணமும் படித்தோம். கால் நோகிறது என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்தச் சோதினையிலும் வராது. பக்கத்து மேசை அக்காவைப் பார்த்துத்தான் பழகினோம். எனக்குக் கிடைத்த அக்கா நல்லவர். கெட்ட மேசைக்குப் பக்கத்தில் போயிருந்தால் நானும் அப்படித்தான் வந்திருப்பேன்.

இன்னொன்று. 2023 இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கின பிறகு, பட்டியலில் பெயர் வராத சனங்கள் எல்லாரும் எங்களிடம்தான் வந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று நாங்கள் தீர்மானிக்கவில்லை. ஆனால் ஏச்சு முழுவதும் எங்களுக்கு. ஒரு நாள் ஒரு ஐயா பைலை என் முகத்தில் எறிந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவிக்குச் சுகமில்லை, அவருடைய கோபம் நியாயம். அந்த நாளுக்குப் பிறகு ஒரு கிழமை நான் யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 2022 இல் சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்றபோது எங்கள் கிளையில் இரண்டு பேர் போனார்கள். அவர்களின் பைலும் என் மேசைக்கு வந்தது.

கைதடிப் பிள்ளை:

தங்கச்சி, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் அந்தப் பிள்ளை" என்றார். ஆனால் அம்மா யாருடைய முகத்திலும் பைலை எறியவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். வேறு யாரோ எறிந்ததற்கு அவர் ஏன் வாங்கிக் கட்ட வேண்டும்?

தீவகத்துப் பெட்டை:

வாங்கிக் கட்டக்கூடாதுதான் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய கிளாக்கர்:

பிள்ளை, ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தீர்களா?

கைதடிப் பிள்ளை:

இல்லை ஐயா. எழுதத்தான் இருந்தேன். அம்மா விடவில்லை. அந்த மேசையில் இருப்பவர் எங்கள் மாமியின் ஊரில் கலியாணம் செய்தவராம். அவருடைய மனுசன் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறாராம். "நாளைக்கு மரணச் சான்றிதழுக்கும் அங்கைதானே போகவேணும்" என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு நான் பேனாவை மூடிவிட்டேன்.

பழைய கிளாக்கர்:

இதைத்தான் நான் கேட்க இருந்தேன். என் 34 வருடத்தில் எங்கள் கந்தோருக்கு எழுத்தில் வந்த முறைப்பாடுகளை இரண்டு கை விரலில் எண்ணலாம். வாயால் ஏசிவிட்டுப் போனவர்கள் ஆயிரம் பேர். ஏச்சை வைத்துப் பைல் திறக்க முடியாது. எழுதுகிறவர்களும் பெயர் போடாமல் மொட்டைக் கடிதம் எழுதுவார்கள். அது நேரே குப்பைக் கூடைக்குப் போகும். யாழ்ப்பாணம் சின்ன இடம். கடிதம் மேலதிகாரியின் மேசைக்குப் போக முதல் செய்தி சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடும். தொழிற்சங்கம், ஆணைக்குழு எல்லாவற்றையும் விட, அந்தப் பெண்ணுக்குப் பெரிய காவல் உங்கள் அம்மாவின் அந்தப் பயம்தான் பிள்ளை.

இணுவில் மைந்தன்:

ஐயா, அப்படியென்றால் பழியைச் சனத்தின் தலையில் போடுகிறீர்கள்.

பழைய கிளாக்கர்:

பழி போடவில்லைத் தம்பி. பயப்பட நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறைக்கிற வழியைச் சொல்கிறேன். ஏச்சு வேண்டாம், ஆளின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். எந்தத் திகதி போனீர்கள், எத்தனை மணி, என்ன பத்திரம் கொடுத்தீர்கள், என்ன கேட்டார்கள், இன்னும் என்ன பாக்கி என்று கந்தோர்த் தலைவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதில் யாரையும் குற்றம் சாட்டவே தேவையில்லை, பைல் தானாக அசையும்.

இணுவில் மைந்தன்:

அசைந்தால் சந்தோசம். ஆனால் படித்த நீங்களும் நானும் பதிவுத் தபால் போடுவோம். படிக்காத ஆச்சி ஒருவர் என்ன செய்வார்? அவருக்காகத்தான் தண்டனை வேண்டும் என்று கேட்கிறேன். என் நிலைப்பாட்டில் நான் இன்னும் நிற்கிறேன்.

கைதடிப் பிள்ளை:

நேற்று நான்காம் தரம் போனோம். ஐயா சொன்னபடி கடிதத்தை எழுதி, அம்மாவே கையெழுத்து வைத்து, பையில் வைத்துக்கொண்டு போனோம். அந்த மேசையில் அவர் இல்லை, லீவாம். ஒரு சின்னப் பெடியன் இருந்தான். அம்மாவைக் கண்டதும் எழும்பித் தன்னுடைய கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அம்மா" என்றான். பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றில் திகதி இல்லை என்று அங்கேயே போட வைத்து, ஏற்றுக்கொண்டதற்குத் துண்டும் தந்தான். 20 நிமிடம்கூட இல்லை.

வெளியே வந்து விசாரித்தேன். அவன் நிரந்தர உத்தியோகத்தன் இல்லையாம். தொழிற்பயிற்சிக்கு வந்த பயிலுனராம், இந்த மார்கழியோடு முடிந்து போய்விடுவானாம்.

ஐயா, அம்மா கேட்கச் சொன்னார். அந்தப் பெடியனைப் பற்றி நல்லதாக ஒரு கடிதம் எழுதினால் அவனுக்கு ஏதும் உதவுமா? அதையும் கந்தோர்த் தலைவருக்குத்தான் எழுத வேண்டுமா?