கலைச்சொல்: ‘வயபிலிட்டி கேப் ஃபண்டிங்’ – ‘கட்டுபடித்தொகை’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நட்டம் வரும் சிற்றூர்த் தடத்தில் விமானம் ஓட்டும் நிறுவனத்துக்கு, குறையும் பணத்தை அரசு தருவதுதான் ‘வயபிலிட்டி கேப் ஃபண்டிங்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை நிதானமாகப் படித்தேன். ‘நம்பகத்தன்மை இடைவெளி நிதி’, ‘சாத்தியக்கூறு இடைவெளி நிதி’, ‘ஈட்டு நிதி’, வெறும் ‘மானியம்’ என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குக் குறை தெரிகிறது. காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். வட்டார விமானத் தொழில் பற்றி அவர்களுக்காக ஒரு சிறு நூல் எழுதி வருகிறேன். அந்த நூல் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் பாதியில் நிற்கிறது.

முதல் சொல்லை வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தேன். “அரசு விமான நிறுவனங்களுக்கு நம்பகத்தன்மை இடைவெளி நிதி வழங்குகிறது” என்று எழுதிப்போட்டு, என்ன புரிகிறது என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “நம்பிக்கையில்லாத பிளேனுக்கா சார் காசு கொடுக்கறாங்க?” என்றாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. சொல் அப்படித்தான் சொல்கிறது. நம்பகம் என்பது பழுதில்லாமல் ஓடுமா என்ற கேள்விக்கான சொல். இங்கே கேள்வி, போட்ட காசு திரும்புமா என்பது. ‘சாத்தியக்கூறு’ நடக்குமா நடக்காதா என்பதைத்தான் சொல்லும். விமானம் பறக்கத்தான் செய்யும், பறந்தால் நட்டம். சிக்கல் அங்கே இருக்கிறது.

எனக்கு விடை கிடைத்தது ஆத்தங்குடியில். வீட்டு முகப்பில் பத்துப் பன்னிரண்டு தரைப் பூக்கற்கள் உடைந்துபோனதால், அதே பூவில் புதிதாகச் செய்துதரச் சொல்லிக் கேட்கப் போயிருந்தேன். பட்டறையில் ஒருவர் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயச் சிமெண்டை ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சை மெல்லத் தூக்கினார். பச்சையும் அரக்கும் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நின்றன. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவிக்கொண்டே சொன்னார்: “பன்னெண்டு கல்லுக்கு அச்சு இறக்கி, சாயம் கரைச்சு வச்சா எனக்குக் கட்டுபடி ஆகாது சார். கல்லு விலையைக் கூட்டிச் சொல்ல மனசு வரலை. விலை அதேதான், துண்டு விழறதை மட்டும் தனியாத் தந்துடுங்க.”

நின்ற இடத்திலேயே அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டேன். நாம் தேடிய சொல் முழுதாக அதற்குள் இருக்கிறது. ‘வயபிள்’ என்பது கட்டுபடியாவது. ‘கேப்’ என்பது துண்டு விழுவது. விலையைக் கூட்டாமல் அந்தத் துண்டை மட்டும் வேறு வழியில் ஈடுசெய்வதுதான் இந்தத் திட்டம்.

சிற்றூர்களுக்கு விமான இணைப்பு தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் நடைமுறையை இதன்மேல் பொருத்திப் பாருங்கள். 2016 அக்டோபரில் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் எனக் கட்டண உச்சவரம்பு வைத்தார்கள். எல்லா இருக்கைக்கும் அந்த விலை இல்லை, ஏறக்குறைய பாதி இருக்கைகளுக்குத்தான். அந்த விலைக்கு விற்றால் ஓர் இருக்கைக்கு எவ்வளவு துண்டு விழும் என்று நிறுவனங்கள் ஏலத்தில் கேட்பு கொடுக்க வேண்டும். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குத் தடம். அந்தத் தொகை மூன்றாண்டுகளுக்குத்தான். அதை மத்திய அரசும் மாநில அரசும் 80:20 என்று பகிர்ந்துகொள்கின்றன, வடகிழக்கில் 90:10. மத்திய அரசின் பங்குக்காக, பெருநகரத் தடங்களில் பறக்கும் விமானங்களிடம் ஒரு தீர்வை வசூலித்துத் தனி நிதியாக வைக்கிறார்கள். அதாவது சென்னை – டெல்லி விமானத்தில் போகிறவர் தரும் காசில் ஒரு துளி, சேலம் போன்ற ஊருக்குப் போகிறவரின் துண்டை அடைக்கிறது.

‘நிதி’ என்று முடியும் சொற்களை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். தீர்வை சேரும் பானை நிதி. அதிலிருந்து அள்ளிக் கொடுப்பது தொகை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், நிதி வற்றியதா, தொகை குறைந்ததா என்று ஒரு வாக்கியம்கூடத் தெளிவாக எழுத முடியாது. ஆகவே பானைக்கு ‘வட்டார இணைப்பு நிதி’, கொடுப்பதற்கு ‘கட்டுபடித்தொகை’. உதவித்தொகை, முன்தொகை போல ஒரே சொல்லாக வாயில் நிற்கும். குறையும் தொகைக்குத் தனிப்பெயர் வேண்டும் இடத்தில் ‘கட்டுபடித் துண்டு’ எனலாம்.

‘மானியமே போதும், எதற்குப் புதுச்சொல்’ என்று மதுரைத் தோழி கேட்டிருந்தார். மானியம் பெரிய குடை, அம்மா. உரத்துக்கும் மானியம்தான், எரிவாயு சிலிண்டருக்கும் மானியம்தான், அங்கெல்லாம் இத்தனை ஆண்டில் இது நிற்கும் என்ற பேச்சே இல்லை. இந்தத் தொகைக்கோ மூன்றாண்டுக் கெடு உண்டு. கெடு முடியும்போது தடம் தன் காலில் நிற்க வேண்டும். நின்றதா என்பதுதான் முழுக் கதையும். 2023-இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கையைப் பாருங்கள். உடான் மூன்றாம் சுற்று வரை ஏலம் விடப்பட்ட 774 தடங்களில் பறக்கத் தொடங்கியவை 371. அவற்றில் மூன்றாண்டுக் காலத்தை முழுதாக முடித்தவை 112. அதன் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. இந்த எண்களை என் பிள்ளைகளுக்கு ஒரே வரியில் விளக்க முடிகிறது: “54 தடந்தான் கட்டுபடியானது.” மானியம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வரியை எழுதிப் பாருங்கள்.

சேலத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2018 மார்ச்சில் சென்னை விமானம் வந்தபோது ஊரே கொண்டாடியது. 2021-இல் அது நின்றது. மறுபடி விமானம் வர 2023 அக்டோபர் ஆயிற்று. அதற்கு முன்பும் இதே கதை உண்டு. 1981-இல் சிற்றூர்களை இணைக்கத் தொடங்கிய வாயுதூத் விமான நிறுவனம் நெய்வேலி வரைக்கும் வந்தது, 1993-இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் கரைந்துபோனது. எனக்கு இதில் உள்ளபடியே வருத்தம் உண்டு. எங்கள் செட்டிநாட்டிலேயே உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரை போனாலும் திருச்சி போனாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிக் கடை வைத்த ஊர்க்காரர்கள் இன்று விமானத்துக்கு இரண்டு மணி நேரம் காரில் போகிறார்கள். இங்கே விமானம் வருமா என்று கேட்கிற பிள்ளைக்கு, அது கட்டுபடியாக என்னென்ன வேண்டும் என்று சொல்லித்தர ஆசைப்படுகிறேன். அவ்வளவுதான்.

நூலின் ஒழுங்குமுறைப் பகுதிக்கு மினி பஸ்ஸை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். பேருந்து போகாத கிராமத்துத் தடத்தில் இத்தனை பங்கு ஓட வேண்டும் என்ற நிபந்தனையில்தான் மினி பஸ்ஸுக்கு உரிமம். 1994-இல் விமானங்களுக்கு வந்த தடப் பகிர்வு நெறியும் அதே யோசனைதான். பெருநகரத் தடங்களில் எவ்வளவு இருக்கைத் திறன் ஓட்டுகிறாயோ, அதில் பத்து விழுக்காட்டை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவுத் தடங்களில் காட்டு என்றது அது. அதே ஆண்டுதான் 1953-இன் விமானக் கழகச் சட்டம் நீக்கப்பட்டு, தனியாருக்குச் சட்டப்படி கதவு திறந்தது. போட்டியைத் திறந்த கையோடு இந்தக் கடமையையும் வைத்தார்கள். அதற்கு ‘தடப் பகிர்வுக் கடமை’ என்று எழுதியிருக்கிறேன், யாருக்கும் மறுப்பு இருக்காது என நினைக்கிறேன்.

மறுப்பு வரக்கூடியது அடுத்தது. உடானின் தொடக்கச் சுற்றுகளில் ஒரு தடத்தை எடுத்தவருக்குப் போட்டியாக மூன்றாண்டுகள் வேறு யாரும் அதில் வர முடியாது என்று வைத்தார்கள். இதை ‘ஏகபோகம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஏகபோகத்தில் கெட்ட வாடை இருக்கிறது, கெடுவும் இல்லை. கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுப்பதைப் பாருங்கள். எடுத்த காலம்வரை வேறு யாரும் வலை வீச முடியாது, காலம் முடிந்தால் மறுபடி ஏலம். ‘தடக்குத்தகை’ என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் குத்தகை என்றால் எடுத்தவர் பணம் கட்டுவார், இங்கே எடுத்தவருக்குப் பணம் வருகிறது. அந்த முரண் உறுத்துவதால் ‘தனித்தட உரிமை’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் உடனே மாற்றிவிடுவேன்.

‘ஈட்டு நிதி’ சொன்ன தேவகோட்டை அண்ணனுக்கு ஒரு வார்த்தை. வட்டிக்கடைக் கணக்கில் வளர்ந்த நம் பக்கத்தில் ஈடு என்றதும் அடமானம்தான் நினைவுக்கு வரும் அண்ணே. விமானத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியதாகப் படித்துவிடுவார்கள்.

எழுத்து பற்றியும் ஒரு கேள்வி எழும். ‘கட்டுப்படி’ என்று ப் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. ‘கட்டுப்பாடு’, ‘கட்டுப்படுதல்’ அடிக்கடி வரும் ஒழுங்குமுறைப் பாடத்தில் அது கண்ணை ஏமாற்றும். அதனால் ஒற்று இல்லாமல் ‘கட்டுபடி’ என்றே நூல் முழுக்க எழுத உத்தேசம். இலக்கணம் அறிந்தவர்கள் இதில் தடை இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் இருக்கும் உறுப்பினர்களிடம் கேட்கிறேன்: உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ‘கட்டுபடியாகாது’ என்பார்களா, வேறு சொல் உண்டா? இந்தப் பகுதி வரும் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. வியாழன் இரவுக்குள் எழுதினால் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து