ஆவோஸ்தா பள்ளத்தாக்கு: பனிமலையடிவாரத்து ஒயினும் உணவும் பற்றி விளக்கம் தேவை

மலைநாடன் (கேள்வி):
வணக்கம். இத்தாலியின் வடமேற்கு மூலையில் உள்ள ஆவோஸ்தா பள்ளத்தாக்கிற்கு வரும் செப்டம்பரில் நானும் மனைவியும் செல்லவிருக்கிறோம். நான்காயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் சூழ்ந்த ஓர் இடத்தில் திராட்சை எப்படி விளைகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. மேலும், மனைவி பாலும் முட்டையும் சேர்த்துக்கொள்ளும் சைவர். அவர் அங்கு எவற்றை நம்பிச் சாப்பிடலாம், ஊர் ஊராக அலையாமல் எங்கே தங்குவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் மகிழ்வேன்.

பந்தல்கொடி:
ஐயா, துரினில் வசிப்பதால் அப்பகுதிக்கு அடிக்கடி சென்று வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கான விடை மழையில் இருக்கிறது. மோன் பிளாங், மோன்தே ரோசா, கிரான் பாரதீசோ ஆகிய மலைத்தொகுதிகள் மேகங்களைத் தடுத்து வெளிப்புறத்திலேயே பொழிய வைத்துவிடுவதால், நடுப் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியாகி, ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே பெறுகிறது. வெயிலுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் பாடு. ஆகவே இடைக்காலத்திலேயே, பனியாறுகள் உருகி வரும் நீரை மலைச்சரிவுகளின் வழியே மெல்லிய சாய்வில் கொண்டுசெல்லும் ‘ரூ’ என்னும் வாய்க்கால்களை வெட்டியிருக்கிறார்கள். அவற்றுள் சில இன்றும் ஓடுகின்றன. கரையோரப் பாதையில் பெரிய ஏற்றமின்றி நடக்கலாம். தோரா பால்தேயா ஆற்றின் வடபுறச் சரிவு தெற்கு வெயிலைப் பார்த்து இருப்பதால், திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில், கற்சுவர் எழுப்பிய படிகளில் அமைந்துள்ளன.

நான் மிகவும் மதிப்பது மோர்ஜே, லா சால் ஆகிய ஊர்களின் வெள்ளை ஒயினை. அங்கே 900 முதல் 1200 மீட்டர் உயரத்தில் ‘ப்ரியே பிளாங்’ என்னும் திராட்சையைத் தாழ்ந்த பந்தலில் படரவிடுகிறார்கள். பகலில் மண்ணும் கல்லும் வாங்கிய சூடு இரவில் குலைகளுக்குக் கிடைக்க வேண்டும், மலைக்காற்று கொடியை முறித்துவிடக் கூடாது என்பதற்காகவே பந்தலைத் தாழ்வாக வைக்கிறார்கள். அறுவடை செய்வோர் குனிந்தும் மண்டியிட்டும்தான் குலைகளை வெட்ட முடியும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா பூச்சி இந்த உயரத்தில் பரவவில்லை. அதனால், பிற இடங்களில் அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டப்படும் கொடி இங்கே சொந்த வேரிலேயே நிற்கிறது. ஒயின் கனமற்றது, புளிப்பு தெளிவாக இருக்கும். இவ்வளவு உழைப்பைக் கேட்கும் தோட்டங்களை அம்மக்கள் கைவிடாமல் இருப்பதே எனக்குப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது. சிவப்பு ஒயின் விரும்பினால், கீழ்ப்பள்ளத்தாக்கில் தொன்னாஸ் ஊரில் நெபியோலோ என்னும் கருந்திராட்சையிலிருந்து செய்யும் ஒயினைக் கேளுங்கள்.

அடுமனை:
உணவு பற்றி நான் எழுதுகிறேன். அங்குள்ள சமையலுக்கு உயிர் ஃபொந்தீனா என்னும் பாலாடைக்கட்டி. ஒரே வேளையில் கறந்த பாலை, காய்ச்சாமலும் கொழுப்பு நீக்காமலும், கறந்த சூடு ஆறுமுன் உறையவைத்து, குறைந்தது 80 நாள் முதிரவிடுகிறார்கள். முதிரும் நாட்களில் சக்கரம் போன்ற அந்தக் கட்டிகளை உப்புநீர் தொட்டுத் துடைத்துத் திருப்பிவைப்பதே பெரிய வேலை. ஒல்லோமோனில் ஒரு பழைய செப்புச் சுரங்கமே இதற்கான கிடங்காக உள்ளது.

ஆனால் உங்கள் மனைவி ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஃபொந்தீனாவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைக் கொண்டே உறையவைக்கிறார்கள். ரொட்டி, முட்டைக்கோசு, ஃபொந்தீனா அடுக்கிச் சூளையில் வேகவைக்கும் வால்பெல்லின் சூப் பார்வைக்குச் சைவம் போலிருந்தாலும், அதில் ஊற்றுவது பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. நீங்கள் இறைச்சி உண்பவரானால், மூலிகைகளோடு மரப்பெட்டியில் ஊறவைத்த ஆர்னா ஊரின் பன்றிக்கொழுப்பைக் கம்பு ரொட்டி போலக் கறுத்த, ரை என்னும் தானியத்தில் சுட்ட ரொட்டியின் மேல் மெல்லிய சீவலாக வைத்து உண்ணுங்கள்.

மலைநாடன்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரென்னட் கலந்ததை மனைவி உண்ண மாட்டார். அப்படியானால் அவருக்கு என்னதான் மிஞ்சும்?

அடுமனை:
போதுமான அளவு இருக்கிறது. போலெந்தா என்னும் மக்காச்சோளக் களியைப் பாலாடைக்கட்டி சேர்க்காமல், காளான் குழம்போடு தரச் சொல்லலாம். செப்டம்பர் காளானுக்கு நல்ல பருவம். களியை எந்தச் சாற்றில் கிண்டினார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ரை ரொட்டியும் வெண்ணெயும் தேனும், ஒயினில் வேகவைத்த சிறிய மார்தேன் செக் பேரிக்காயும், பாதாமும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுடும் ‘தேகோலே’ பிஸ்கட்டும் எங்கும் கிடைக்கும்.

பந்தல்கொடி:
தங்குவதற்கு ஆவோஸ்தா நகரும் கோஞ் கிராமமும் போதும். கி.மு. 25-இல் ரோமானியர் நிறுவிய நகரில் அகஸ்டஸ் வளைவைப் பார்த்துவிட்டு, மோர்ஜேக்குப் பகலில் போய் வரலாம். கோஞ் அருகே, 1922-இல் அமைக்கப்பட்ட கிரான் பாரதீசோ தேசியப் பூங்காவில், வால்நோந்தேயிலிருந்து காலையில் மேலேறினால் ஐபெக்ஸ் ஆடுகளைக் காணும் வாய்ப்பு அதிகம். மாதக் கடைசியில் சென்றால், கோடை முழுதும் மலை மேய்ச்சலில் இருந்த பசுக்கள் கழுத்துமணியோடு ஊருக்கு இறங்கி வருவதையும் பார்க்கலாம். ஆனால் ப்ரியே பிளாங் சீக்கிரம் பழுக்கும் வகை என்பதால், அதன் அறுவடை அதற்குள் முடிந்திருக்கும். உங்களுக்கு ஒயின்தான் முதன்மை என்றால் மாதத் தொடக்கத்தையே தேர்ந்துகொள்ளுங்கள்.