உதவி: 1:87 அளவில் கார்கில்ஸ் முகப்பு, பார்த்தால் பொம்மைப் பெட்டி

கேள்வி:
என் மாதிரி ரயில் தளத்தில் (1:87, அதாவது நிஜத்தில் 87 செ.மீ. இங்கே 1 செ.மீ.) நிலைய மேடைக்குப் பின்னால், சுவரோடு 6 செ.மீ. ஆழமும் 60 செ.மீ. நீளமும்தான் இடம். கொழும்பு யோர்க் வீதி கார்கில்ஸ் கட்டடம் (1906) அங்கே வரவேண்டும். முகப்புப் படத்தை 60 செ.மீ.க்கு ஒடுக்கி, அதை வைத்து 2 மி.மீ. அட்டையில் வெட்டினேன். ஆள் பொம்மை வாசலுக்குள் நுழையாது. அக்ரிலிக் பூசிக் காய்ந்ததும் இரண்டு ஓரமும் முன்பக்கம் வளைந்துவிட்டன.

பதில் 1:
படத்தை ஒடுக்கினால் வாசலும் சேர்ந்து ஒடுங்கும், பிழை அதுதான். முகப்பிலுள்ள ஆர்ச் வளைவுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒரு ஆர்ச்சின் அகலத்தில் கை வைக்காதீர்கள். மூலையும் பிரதான வாசலும் கட்டாயம். நடுவில் ஒன்றுபோலத் திரும்பத் திரும்ப வருவதைத்தான் வெட்டவேண்டும். கீழ்த்தளம் முழு அளவில் இருக்கட்டும்: 2.1 மீற்றர் கதவு 24 மி.மீ., 1.7 மீற்றர் ஆள் 19.5 மி.மீ. மேல்மாடியை 10 வீதம் குறைத்தாலும் யாருக்கும் தெரியாது, பக்கத்தில் ஆள் நிற்பதில்லையே.

அளவெடுக்க, ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவரை நாடா பிடித்தால் போதும். மிச்சத்தை நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் விகிதம் போட்டு எடுக்கலாம். முன்னால் நிற்கும் ஓட்டோவின் அகலத்தை (சுமார் 1.3 மீற்றர்) அளவுகோலாக்குபவர்களும் உண்டு. ஓட்டோ கமராவுக்குக் கிட்ட நிற்பதால் படத்தில் பெருத்துத் தெரியும், அதை நம்பிக் கணக்குப் போட்டால் கட்டடம் சிறுத்துப்போகும்.

பதில் 2:
அட்டை வளைந்ததற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் பூசியது. காயும் பெயின்ட் அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் அதே பெயின்டை அதே தடிப்பில் பூசி, முக்கால் பங்கு காய்ந்ததும் கண்ணாடித் தகட்டுக்கடியில் பாரம் வைத்து ஒரு இரவு விடுங்கள். அடுத்த சுவருக்கு அட்டையை வெட்டுமுன்பே இரு பக்கமும் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடித்து, பின்னால் 5 செ.மீ.க்கு ஒன்றாக 5 மி.மீ. பால்சா (மெல்லிய எடையுள்ள மரம்) சட்டம் ஒட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புறக்கோட்டை சிவப்புப் பள்ளிவாசலின் ஒரு துண்டும் வைக்க யோசனை. மாஸ்கிங் டேப்புக்கடியில் சிவப்பு கசிகிறது.

பதில் 2:
முதலில் முழுக்க வெள்ளை. டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் திரும்பவும் வெள்ளையே பூசுங்கள். கசிவதென்றால் வெள்ளைதான் கசியும், இடுக்கும் அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு சிவப்பு, மெல்லிசாக இரண்டு தரம். பெயின்ட் முழுதாகக் காயுமுன் டேப்பை மடக்கி, படுக்கையாக இழுத்துக் கழற்றுங்கள்.