பண்ணைக்குட்டையில் வந்த கிளிஞ்சல் மண்: பழைய மழையை இதில் படிக்க முடியுமா?

தடா ஏரிக்கரை

வணக்கம். தடாவுக்கும் சூளூர்பேட்டைக்கும் இடையில், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சென்ற மாதம் பண்ணைக்குட்டைக்குப் பள்ளம் எடுத்தபோது, ஆறு அடி வரை மணலும் செம்மண்ணும் வந்தன. அதன் கீழே அழுகிய முட்டை நாற்றம் வீசும் கருங்களியும், அந்தக் களி முழுக்க மட்டிக் கிளிஞ்சலும் கிடைத்தன. இன்றைய ஏரித் தண்ணீர் அடைமழைக் காலத்திலும் அந்த இடத்தை எட்டுவதில்லை. "எப்போதோ கடல் வந்து போன இடம்" என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். ஏரிச் சேற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மழையையும் வறட்சியையும் கண்டறிகிறார்கள் என்று படித்திருக்கிறேன். என் கிளிஞ்சல் மண்ணிலும் அது முடியுமா? ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

களிமண் வாசகன்

பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்குப் பிறகு உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த வேகம் தணிந்த பிறகுதான் உலகின் பல கடற்கரைகளில் இத்தகைய உப்பங்கழிகள் உருவாயின. உங்கள் களியும் அக்காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம், ஆனால் காலம் கணிக்காமல் அப்படிச் சொல்லக் கூடாது.

நாற்றம் நல்ல அறிகுறி. ஆக்சிஜன் புகாத சேற்றில்தான் கந்தக வாயு உண்டாகும். அக்காலத்தில் என்ன செடிகள் வளர்ந்தன என்று காட்டும் மகரந்தத் துகள்கள் அத்தகைய சேற்றில்தான் சிதையாமல் தங்கும். மூட்டைதான் வருத்தம் தருகிறது. மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியதும் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துவிட்டன. பக்கங்களைப் பிரித்துக் குலுக்கிய புத்தகத்தை வரிசையாகப் படிக்க முடியாது அல்லவா? ஆய்வாளர்கள் சேற்றில் குழாயை நேராக இறக்கி, உருவி எடுத்து, நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக நறுக்குவது அதற்காகத்தான்.

காலக் கணிப்புக்குக் கார்பன்-14 உதவும். உயிர் போன பிறகு சீராகச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன் இது; பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். ஆனால் கடல்நீரில் கரைந்துள்ள கார்பனே சில நூறு ஆண்டுகள் பழையது என்பதால், கிளிஞ்சல் தன் வயதைக் கூட்டிச் சொல்லும். அதே அடுக்கில் ஒரு விதையோ இலைத் துணுக்கோ கிடைத்தால் அதையே நம்புங்கள்.

மட்டி

காலத்தை விடுங்கள், மழையைக் கேட்கிறார். ஏரித் தண்ணீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன்-16 முந்திக்கொண்டு போகும். கனமான ஆக்சிஜன்-18 மிச்சத் தண்ணீரில் கூடும். அதில் வளரும் நத்தை அந்த விகிதத்தைத் தன் ஓட்டில் எழுதிக்கொள்ளும். ஹரியானாவின் கோட்லா தஹர் என்ற பழைய ஏரியின் நத்தை ஓடுகளில் இவ்விகிதத்தை அளந்துதான், சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் அங்கே பருவமழை திடீரென வலுவிழந்ததை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த காலத்தையொட்டிய செய்தி அது.

ஆனால் கோட்லா தஹர் கடலோடு தொடர்பில்லாத ஏரி. பழவேற்காட்டிலோ ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் கடல்நீரை விடுகிறது, சில காலம் மணல் மூடி அதையும் தடுக்கிறது. ஓட்டில் ஆக்சிஜன்-18 கூடியிருந்தால் மழை பொய்த்ததா, முகத்துவாரம் திறந்திருந்ததா? ஓடு மட்டும் அதைப் பிரித்துச் சொல்லாது.

மலைச்சரிவு

மட்டி சொல்வதை ஏற்கிறேன், ஆனால் டயாட்டம் என்னும் ஒருசெல் பாசிகளை மறந்துவிட்டார். உப்புநீர் இனங்களும் நன்னீர் இனங்களும் வேறு வேறு; அவற்றின் கண்ணாடி ஓடுகளை நுண்ணோக்கியில் எண்ணினால், கடல் எப்போது உள்ளே வந்தது என்ற கேள்விக்காவது தெளிவு கிடைக்கும்.

தென்னிந்திய மழையின் நீண்ட கதைக்கு நீலகிரியின் சதுப்பு மண்தான் எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது. யானை ஆய்வாளராகப் பலரும் அறிந்த சுகுமாரும் உடனிருந்தோரும் அந்த மண்ணின் கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை, அளந்து 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வறட்சி தாங்கும் புல்வகைகளும் ஈரம் விரும்பும் செடிவகைகளும் கார்பனை வேறுவேறு விகிதத்தில் எடுத்துக்கொள்வதால், பனியுக உச்சத்தில் மலை வறண்டிருந்ததும், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்ததும் அதில் தெரிந்தன. பனியுகத்தில் காற்றின் கரியமில வாயு குறைந்திருந்ததும் அப்புல்வகைகளுக்குச் சாதகம்தான். ஆகவே முழுப் பழியையும் மழைமேல் போட முடியாது.

தடா ஏரிக்கரை

மூவருக்கும் நன்றி. குட்டையின் கிழக்குச் சுவர் இன்னும் வெட்டியபடியே நிற்கிறது. அதில் ஏதாவது செய்யலாமா?

களிமண் வாசகன்

செய்யலாம், ஐயா. சுவரின் முகத்தை ஒரு சாண் சீவிவிட்டு, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு கீழிருந்து மேலாக, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு பை வீதம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தைக் குறியுங்கள். கத்தியை ஒவ்வொரு முறையும் துடைக்க மறக்காதீர்கள். மேலிருந்து கீழே போனால் உதிரும் மண் அடுத்த அடுக்கில் விழுந்து கெடுக்கும். அடுத்த மழைக்குள் முடித்துவிடுங்கள். சரிந்தால் அதுவும் மூட்டைதான்.