ஊட்டி சேரிங்கிராஸ் ஜாமுக்கு யார் காரணம்? கீழே இருந்து வர்றவங்களா, டிஎன் 43 நம்பர் போட்ட நீலகிரி வண்டிங்களா?

லவ்டேல்_லோக்கல்:
மே மாசம், மலர்க் கண்காட்சி நேரம். சேரிங்கிராஸ்ல ஒரு பெரிய வண்டிக்காரர் நட்டநடு ரோட்டுல நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, டிராஃபிக் போலீஸ்கிட்ட ‘பொட்டானிக்கல் கார்டன் எப்படி போறது சார்’னு கேக்கறார். பின்னாடி கமர்ஷியல் ரோடு முழுக்க ஹாரன் சத்தம். போலீஸ்காரர் கை காட்டினா, பக்கத்து சீட்டு அம்மா போனை நீட்டி ‘மேப் வேற சொல்லுதே’ங்குது. மலையில ஓட்டத் தெரியாதவங்களாலதான் இந்த நெரிசல். இல்லேன்னு சொல்றவங்க வாங்க.

கோவை_கியர்பாக்ஸ்:
வந்துட்டேனுங்க. காந்திபுரத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டினவனுக்கு ஊட்டி எல்லாம் சும்மாங்க. உங்க ஊர் ஜீப்காரங்க கொண்டை ஊசி வளைவுலயே முந்தறாங்களே, அதைப் பத்தி பேசுங்க.

லவ்டேல்_லோக்கல்:
காந்திபுரத்துல பிரேக்கை மிதிச்சா வண்டி நிக்கும். குன்னூர்ல இருந்து மிதிச்சுக்கிட்டே இறங்கிப் பாருங்க, பர்லியார் வர்றதுக்குள்ள சூடேறி, மிதிச்சாலும் பிடிக்காது. எந்த கியர்ல ஏறுவோமோ அதே கியர்ல இறங்கணும். இதுல நியூட்ரல்ல உருட்டி பெட்ரோல் மிச்சம் பண்றவர் வேற இருக்கார்.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்:
அவர் மிச்சம் பண்றது எல்லாம் எங்க பட்டறைக்குத்தான் வருது தம்பி. பர்லியார்ல டீக்கடை ஓரம் நிக்கற வண்டியில பாதி, டீக்காக நிக்கறதில்ல. பிரேக் ஆறட்டும்னு நிக்குது. கிளட்ச் கருகின வாசத்தை ‘தேயிலை ஃபேக்டரி பக்கத்துல இருக்கு போல’ன்னு ரசிச்சுக்கிட்டே குன்னூர் வரைக்கும் ஏறின குடும்பம் ஒண்ணு எனக்குத் தெரியும்.

கோவை_கியர்பாக்ஸ்:
அண்ணா, நீங்க எந்தக் கட்சி?

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்:
மே மாசம் எனக்குத் தீபாவளி. நீங்க ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க.

கோத்தகிரி_கேரட்:
ஆளைத் திட்டி என்ன ஆகப்போகுது? 2024 மே 7-ல இருந்து வெளியூர் வண்டி மலை ஏற ஆன்லைன்ல இ-பாஸ் எடுக்கணும். 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000-னு ஹைகோர்ட் வரம்பு வெச்சது. டிஎன் 43-க்கு பாஸே வேண்டாம். சரி, வர்ற 6,000 வண்டிக்காரங்களும் டிபன் முடிச்சிட்டு ஒரே நேரத்துல கார்டன் கேட்டுக்கு வந்தா எந்த பாஸ் என்ன செய்யும்? சீசன்ல குன்னூர் வழி ஏறி எங்க ஊர் வழியா இறங்கற ஒருவழிப் பாதையால எங்களுக்குத்தான் தலைவலி. மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் மாதிரி இருக்கும், ஆனா பந்தல்ல சாப்பாடு கிடையாது.

கோவை_கியர்பாக்ஸ்:
அது நியாயம். ஆனா லோக்கல் அண்ணன் தப்பிச்சுக்கக் கூடாதுங்க. மலைப்பாதையில ஏறற வண்டிக்குத்தான் வழி விடணும், 2017 டிரைவிங் விதியிலயே இருக்கு. போன வாரம் நான் ஏறறேன், எதிர்ல டிஎன் 43 ஜீப் ஒண்ணு ஹெட்லைட்டை அடிச்சுக்கிட்டே இறங்குது. ‘நீ வா’ங்கிறாரா, ‘நான் வர்றேன், ஒதுங்கு’ங்கிறாரா? நான் யோசிக்கறதுக்குள்ள அவர் என் வண்டி சைடு கண்ணாடியை மடக்கிட்டுப் போயிட்டார். இறங்கி நிமிர்த்தலாம்னு கதவைத் திறந்தா, சீட்டுல இருந்த சிப்ஸ் பாக்கெட்டோட குரங்கு தடுப்புச்சுவர் மேல உக்காந்திருக்கு.

லவ்டேல்_லோக்கல்:
குரங்குக்கு சிப்ஸ் போட்டுப் பழக்கினது யாரு? வளைவுல வண்டியை நிறுத்தி, பாப்பாவைத் தூக்கிக் காட்டி, பின்னாடி பஸ்ஸையும் நிறுத்தி வெச்சு. நாங்களா? மேப் சொல்லுதுன்னு கல்லட்டி வழியா மசினகுடி போறேன்னு தலைக்குந்தாவுல நின்னு வாதாடறது யாரு? 36 கொண்டை ஊசி, வெளியூர் வண்டியை இறங்க விடறதில்லேன்னு சொன்னா ‘எங்க மாமா போலீஸ்ல இருக்கார்’னு பதில் வருது.

கோவை_கியர்பாக்ஸ்:
எனக்கு போலீஸ்ல மாமா இல்லைங்க. ஹெட்லைட் கேள்விக்கு பதில் இன்னும் வரல.

லவ்டேல்_லோக்கல்:
அது ஓட்டறவன் மூடைப் பொறுத்தது.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்:
கண்ணாடி புதுசு மாட்டணும்னா சனிக்கிழமை வேண்டாம் தம்பி, செவ்வாய்க்கிழமை வாங்க.